கரையைத் தாண்டிய விரல்

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள் ஏலவார்குழலி. முந்தின நாள் போனில் தான் சொன்ன ஒரு பேச்சு மனசில் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது.

"புரோகிராம்ல கோளாறு ஒண்ணும் இல்ல சார். அடிக்கிறவங்கதான் எங்கியாவது வரி விட்டிருப்பாங்க."

பட்டு நெசவாளர் சங்கத்துச் செயலாளர் இளங்கோவனிடம் அப்படிச் சொல்லியிருந்தாள். அவர் நிதானமான மனிதர். குரல் உயராது. "அப்ப அடிக்கிற லோகாம்பாள்தான்னு சொல்ற," என்றார். அப்படியே போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஐப்பசி. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் முந்தின இரவு மழை தேங்கியிருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள். வழி நெடுகத் தறிச் சத்தம். இதே தெருக்களில் பிறந்தவள். அப்பாவின் தறி வீட்டின் முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் அவர்கள் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், இவள் கம்ப்யூட்டர் படிப்பு படித்தாள்.

படித்த பிறகு சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம். விண்டோஸ் தருகிற பெட்டிகளும் பொத்தான்களும் போதாது என்பவர்களுக்குப் புதிதாகச் செய்து கொடுக்கிற கம்பெனி அது. திரையில் ஒன்றை வரைந்து காட்டுவது பெரிய வேலை இல்லை. கீபோர்டுதான் உயிரை வாங்கும். திரையில் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கீபோர்டின் பேச்சைக் கேட்கும். அதற்கு ஃபோகஸ் என்று பேர். ஃபோகஸ் யாரிடம் இருக்கிறது, எப்போது கை மாறுகிறது, மாறியது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அங்கே அவளுக்கு மேலே இருந்த வரலக்ஷ்மி ஒரே ஒரு விதியைத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தாள். "உள்ள வந்தவாள வெளிய போக விடணும்டி. கீபோர்டைப் பிடிச்சு வச்சுண்டு விடாத பெட்டி, ஜெயில்." குழலி அதை மறக்கவே இல்லை.

கம்பெனி மூடியது. கல்யாணமாகி செவிலிமேட்டுக்கு வந்தாள். கணவன் ஜெயக்குமார் ஸ்ரீபெரும்புதூருக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தான். குழலி சங்கத்துக்காக ஒரு புரோகிராம் எழுதினாள்.

சேலையின் கரையில் ஓடும் அன்னமும் மயிலும் தறிக்கு மேலே ஏற்றிய பெட்டியிலிருந்து வருகின்றன. பெட்டிக்கு எதை எடு, எதை விடு என்று சொல்வது துளை போட்ட அட்டைகள். எங்கே துளை என்று முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார்கள். குழலி அந்தத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்தாள். கட்டத்தில் புள்ளி வைத்தால் போதும். பக்கத்து அறையில் இருக்கும் இயந்திரம் வரி வரியாக அட்டையைக் குத்தித் தள்ளிவிடும். ஒரு வரிக்கு ஓர் அட்டை.

அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார லோகாம்பாளைப் பிடித்து வந்ததும் குழலிதான். இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவள். இடது தோள் போய்விட்டது. கை மேஜையில் கிடக்கும், மேலே எழும்பாது. ஒரே கையால் அடிக்க முடிகிற மாதிரி, கீபோர்டின் வலது ஓரத்து எண் கீகளுக்குள் எல்லா வேலையையும் குழலி அடக்கிக் கொடுத்தாள். ஆறை அமுக்கினால் வலப்பக்கம் ஒரு கட்டம். பூஜ்யத்தை அமுக்கினால் புள்ளி. எண்டரைத் தட்டினால் அடுத்த வரியின் தொடக்கம். மவுஸ் தேவையில்லை. லோகாம்பாள் மவுஸை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

சங்கத்து மாடியில் இளங்கோவன் காத்திருந்தார். மேஜைமேல் முழ நீளத்துக்கு நெய்த மாதிரித் துணி. அரக்குக் கரையில் ஜரிகை அன்னங்கள் வரிசையாகப் போயின.

"பாரும்மா," என்றார்.

அன்னங்களுக்குக் கழுத்து இல்லை. தலை நேராக உடம்பில் உட்கார்ந்திருந்தது.

"அன்னம் கேட்டாங்க. நாம வாத்து குடுத்துருக்கோம்," என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னப்பையன். அறுபதைத் தொடுகிறவர். பழைய துணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இழை இழையாகப் படித்துச் சொல்கிறவர் அவர்தான். சொன்னதைக் கட்டத்தில் போடுகிறவள் லோகாம்பாள்.

யாரும் சிரிக்கவில்லை. லோகாம்பாள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளில் 'வா கண்ணு' என்பாள்.

"வாம்மா," என்றாள். "நான் வரி முழுங்கறேன்னு சொன்னியாமே."

குழலி மேஜைமேல் இருந்த துணியையே பார்த்தாள்.

"கழுத்துக்கிட்ட பத்துப் பன்னெண்டு வரி காணோம்," என்றார் இளங்கோவன். "பாவு நூல் பிணைச்சு, பெட்டி ஏத்தி, தறி சும்மா நிக்குது. சாயங்காலம் அட்டை வாங்க ஆள் வருது. நம்ம தெரு அழகியமணவாளன் சாரோட பொண்ணு கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சிட்டு வீட்ல இருக்குதாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். லோகாம்பாள் கீழ நூல் இழைக்கிற பக்கம் போவட்டும்."

"இழைக்கணும்னா ரெண்டு கை வேணும் சார்," என்றாள் லோகாம்பாள்.

குழலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்னத்தின் கழுத்தைத் தானே போட்டுப் பார்த்தாள். எல்லா வரியும் வந்தது. மறுபடி போட்டாள். வந்தது. பிறகு லோகாம்பாளை உட்கார வைத்து, தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தாள். லோகாம்பாளும் திரையையே பார்த்து, ஒவ்வொரு கீயாக, அம்மியில் உப்புக்கல் வைக்கிற மாதிரி அமுக்கினாள். ஒரு வரிகூடப் போகவில்லை.

"பாத்தியா," என்றார் இளங்கோவன். "கவனமா அடிச்சா சரியா வருது. நீ சொன்னதுதான் சரி."

லோகாம்பாளின் காது மடல் சிவந்தது. தான் செய்த ஒவ்வொரு சோதனையும் அவளை நாற்காலியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளுவதாகக் குழலிக்குத் தோன்றியது. இளங்கோவன் கீழே போய்விட்டார்.

"லோகாக்கா, தெனம் எப்படி அடிப்பீங்களோ அப்படி அடிங்க," என்றாள்.

"இப்ப மட்டும் எப்படியாம்?"

"இப்ப நீங்க திரையப் பாக்கறீங்க. தெனம் பாப்பீங்களா?"

சின்னப்பையன்தான் சொன்னார். "அத எங்க பாக்கறது? துணியப் பாக்கவே கண்ணு பத்தல."

அவர்கள் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் பழைய துணி. எந்த வரியில் இருக்கிறோம் என்று தவறிவிடாமல் இருக்க, லோகாம்பாள் இடது கையில் ஓர் ஊசியை வைத்து அந்த இழையின் மேல் ஊன்றிக்கொண்டாள். கண் ஊசி முனையில். வலது கை மட்டும் கீகளின் மேல் தனியாக இருந்தது. குழலி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மூணு விடு, ரெண்டு எடு," என்று சின்னப்பையன் ஆரம்பித்தார். "நாலு விடு, ஒண்ணு எடு. மிச்சம் விட்டுடு."

விரல்கள் ஓடின. குழலி பார்த்திராத வேகம். வரி வரியாகத் திரை நிறைந்தது. கழுத்து வளைந்து கட்டத்தின் வலது ஓரத்தை நெருங்கியது. கட்டத்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிற முதல் கரை இது. இதற்கு முன் போட்ட பூக்களும் புட்டாக்களும் நடுவிலேயே முடிந்துவிட்டன.

"ஒம்பது விடு, மூணு எடு. கரை."

கரை என்றால் ஓரம் வரை புள்ளி இருக்கிறது என்று அர்த்தம். விரல் மூன்று புள்ளி வைத்தது. எண்டர் தட்டியது. திரையில் அந்த வரி இல்லை.

குழலி திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள். பேசவில்லை. அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த வரியும் கரையில் முடிந்தது. அதுவும் போயிற்று. மிச்சம் விட்டுடு என்று முடிந்த வரி நின்றது. கரை என்று முடிந்தது மறுபடி போயிற்று. அவள் திரையை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கீ சத்தத்தைக் கேட்டாள்.

கடைசிப் புள்ளி வைத்த பிறகு, எண்டருக்கு முன்னால், ஆறு ஒரு முறை அதிகமாக விழுந்தது.

"லோகாக்கா, கடைசிப் புள்ளிக்கு அப்புறம் இன்னொரு தடவ ஆறு ஏன் அமுக்கறீங்க?"

"நானா? நான் எங்க அமுக்கறேன்?"

"இன்னொரு வரி போடுங்க."

போட்டாள். தன் விரலைத் தானே பார்த்தாள். அது போய் அமுக்கிவிட்டு வந்தது. லோகாம்பாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையை இழுத்து உட்கார வைக்கிற மாதிரி.

"தறியில நூல இழுத்துக்கினு ஓடற நாடா கரையத் தாண்டி வெளிய விழாம கால் மிதிய மாத்த முடியுமா?" என்றார் சின்னப்பையன் துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "கை தானா போவுது. எனக்கும் போவும்."

குழலி திரைக்குத் திரும்பினாள். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத் தேவையில்லை. அவளுக்கு மனப்பாடம். ஆறு மாதிரி நகர்த்துகிற கீ கட்டத்துக்குள் இருக்கிற வரை கட்டத்துக்குச் சொந்தம். கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது மறுபடி அமுக்கினால், பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடு. வரலக்ஷ்மியின் விதி. உள்ளே வந்தவர்கள் வெளியே போகட்டும்.

வெளியே போனால் வலப்பக்கம் முதலில் இருக்கிற பொத்தான், 'வரி நீக்கு'. ஃபோகஸ் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து வருகிற எண்டர் லோகாம்பாளுக்கு அடுத்த வரி. பொத்தானுக்கோ, என்னை அமுக்கு. வரி போகிறது. போனதும் ஃபோகஸ் தானாகக் கட்டத்துக்கே திரும்பி, காலியான வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. அதையும் குழலிதான் மரியாதையாக எழுதி வைத்தாள். அடுத்த வரிக்குப் போனால் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே. 'நிச்சயமா?' என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தது. சும்மா சும்மா கேக்குதுமா என்று இவர்கள் சொன்னதால் அதையும் எடுத்துவிட்டிருந்தாள்.

அவள் சோதித்தபோது கடைசிக் கட்டத்தோடு நின்றாள். தறி வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் தறியில் உட்கார்ந்தவள் இல்லை.

புரோகிராமில் நாலு வரியை மாற்றினால் போதும். மாற்றிவிட்டு, ஏதோ சரி பண்ணினேன் சார் என்று போய்விடலாம். புரோகிராம் இங்கேயே இருக்கும். நாற்காலியில் வேறொருத்தி இருப்பாள். குழலி எழுந்து படிக்கட்டு வரை போய்க் குரல் கொடுத்தாள்.

இளங்கோவன் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

"நேத்து புரோகிராம்ல ஒண்ணும் இல்லேன்ன."

"பாக்காம சொல்லிட்டேன் சார்."

"இன்னிக்கு அந்தம்மா மேல ஒண்ணும் இல்லேங்கற. கூப்பிட்டு வந்தவ நீ. விட்டுக் குடுக்க மனசு வராது." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் குழலிக்குப் பயமாக இருந்தது. "எதம்மா நான் நம்பறது?"

"சரி பண்றேன். லோகாக்காவே முழுக் கரையும் போடட்டும். நீங்களே நின்னு பாருங்க."

"நீ கிட்ட வரக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வரி காணாமப் போனாலும் நாளைக்கு அந்தப் பொண்ணு உக்காரும். உன் புரோகிராமும் வேணாம்."

அந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதும் கருவிகளையும் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஓரத்தில் ஆறு எத்தனை முறை விழுந்தாலும் கட்டம் அதை விழுங்கிக்கொள்ளும்படி செய்தாள். வெளியே போகிறவர்களுக்கு டேப் கீ இருக்கிறது. ஜெயிலும் இல்லை. அதோடு எழுந்திருக்க முடியவில்லை. கண் ஊசியில் இருக்கிறவளுக்கு ஃபோகஸ் போனது எப்படித் தெரியும்? இந்தப் பொத்தான் போனால் இன்னொன்று வரும். கட்டத்தின் கையில் ஃபோகஸ் இருந்து, கீயைப் பெற்றுக்கொண்டால் மட்டும் ஒரு சின்னச் சத்தம் வர வைத்தாள். டிக். கட்டம் கேட்கவில்லை என்றால் சத்தம் வராது.

"என்னாமா, பல்லியப் பிடிச்சு உள்ள விட்டுட்டியா?" என்றார் சின்னப்பையன். "நம்மூர் கோயில்ல இருக்கிற தங்கப் பல்லி பத்தாதுன்னு."

"அது சொல்லிக்கினே இருந்தா அடிங்க லோகாக்கா. சொல்லலன்னா நிறுத்திடுங்க. அவ்ளோதான்."

லோகாம்பாள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

ஆரம்பித்தார்கள். இளங்கோவன் குழலிக்கும் மேஜைக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலே திரையில் பாதி தெரிந்தது. சின்னப்பையனின் குரல், டிக், டிக், குரல். கால்கள் வந்தன. வயிறு வந்தது. இறக்கை வந்தது. கழுத்து தொடங்கியபோது குழலி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எட்டு விடு, நாலு எடு. கரை."

ஆறு ஒரு முறை அதிகமாக விழுந்தது. டிக். எண்டர். டிக். வரி நின்றது. அடுத்ததும் நின்றது. இளங்கோவன் கட்டின கையைப் பிரிக்கவில்லை.

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பாதிக் கழுத்தில் மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது. கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்தியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. தெருவில் விசைத்தறி எதுவும் இல்லாததால் தறிச் சத்தம் மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னப்பையன் துணியோடு ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். லோகாம்பாள் ஊசியை எடுக்காமல், கீபோர்டையும் இழுத்துக்கொண்டு நாற்காலியோடு நகர்ந்தாள்.

"எங்க விட்டோம்? ம். ஏழு விடு, அஞ்சு எடு."

அப்போதுதான் குழலி பார்த்தாள். திரையின் நடுவில், கட்டத்தை மறைத்துக்கொண்டு, ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்திருந்தது. யூ.பி.எஸ். விற்றவன் போட்டுவிட்டுப் போன புரோகிராம். கம்ப்யூட்டரை நிறுத்திவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. 'ஆம்' என்ற பொத்தானைச் சுற்றிக் கறுப்புக் கோடு. ஃபோகஸ் அங்கே. ஓர் எண்டர் போதும். காலையிலிருந்து போட்டது எதையும் இன்னும் சேமிக்கவில்லை.

குழலியின் வாய் திறந்தது. இளங்கோவன் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். அவருக்கும் பெட்டி தெரிகிறது. அது என்னவென்று அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் எல்லாம் இவளே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

"கரை," என்றார் சின்னப்பையன்.

லோகாம்பாளின் விரல் எண் கீகளில் ஓடியது. சத்தமில்லை. கட்டை விரல் பூஜ்யத்தை அமுக்கியது. சத்தமில்லை. சுண்டு விரல் எண்டருக்குப் போயிற்று. பழக்கம் அதை இழுத்துக்கொண்டு போனது. கீக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது.

யூ.பி.எஸ். மறுபடி கத்தியது.

"என்னா?" என்றார் சின்னப்பையன். "வரி முடிஞ்சுது. அடி."

"இருண்ணே." விரல் இறங்கவில்லை. "பல்லி பேசல."

ஊசியை ஊன்றியபடியே தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை உட்கார்ந்ததிலிருந்து அவள் திரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், இது என்னாவோ கேக்குது. இங்கிலீஷ்ல இருக்குது."

இளங்கோவன் குனிந்து படித்தார். நிதானமாக, மறுபடி ஒரு முறை படித்தார்.

"கம்ப்யூட்டர நிறுத்தவான்னு கேக்குது."

"வேணாம்னு சொல்லுங்க. எனக்குக் கை வேலையா இருக்குது."

அவர் மவுஸைத் தேடினார். துணியை விலக்கி எடுத்து, 'இல்லை' என்ற பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதில் அமுக்கினார். பெட்டி போயிற்று. அடியில் கட்டம் அப்படியே இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் காலியாக.

"மொதல்லருந்து சொல்லுண்ணே, இந்த வரிய."

"ஏழு விடு."

டிக்.

குழலி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரை முடிந்ததும் லோகாம்பாள் சேமித்தாள். இளங்கோவன் பூதக்கண்ணாடியை வாங்கி, அன்னத்தின் கழுத்தை வரி வரியாகத் துணியோடு ஒத்துப் பார்த்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியும் அவர் நிமிரவில்லை. கடைசியில் கண்ணாடியைத் துணிமேல் வைத்தார்.

"அட்டை குத்தச் சொல்லலாம்," என்றார். படிக்கட்டில் இறங்கப் போனவர் நின்றார். "லோகாம்பா, நாளைக்கு முந்தானை போட ஆரம்பிக்கணும். நேரத்தோட வந்துடு. அந்தப் பொண்ணுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

பிறகு குழலியைப் பார்த்தார். "நீ இனிமே போன்ல எதுவும் சொல்லாதம்மா. வந்து பாத்துட்டுச் சொல்லு."

அவர் இறங்கிப் போனார். பக்கத்து அறையில் இயந்திரம் அட்டை குத்தத் தொடங்கியது. லோகாம்பாள் ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டு, மவுஸை மறுபடி துணியால் மூடினாள். வெறுமனே ஒரு புது வரியில் ஆறை அமுக்கிக்கொண்டே போனாள். ஓரம் வந்தது. விரல் கரையைத் தாண்டி ஒரு முறை விழுந்தது. கட்டம் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

"போன்ல சொன்னது சொன்னதுதான்," என்றாள், திரையைப் பார்த்தபடி. "அது எனக்கு மறக்காது."

"ம்," என்றாள் குழலி.

"இந்தப் பல்லிச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வை. நாள் முச்சூடும் கேக்கணும், காது போயிடும்."

குழலி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். லோகாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் சாய்ந்து, கீபோர்டுக்கு மட்டும் வழி விட்டாள்.